விட்டுவிட்டு வரும் வாசனை

என் வேலை மூக்கு செய்வது. யார் கேட்டாலும் இப்படித்தான் சொல்வேன். படித்த படிப்பின் பெயரைச் சொன்னால், "அப்ப எங்க வீட்டு டிவியைக் கொஞ்சம் பாக்கறீங்களா?" என்று கேட்கிறார்கள். காற்றில் கலந்திருக்கும் வாயுவை மோப்பம் பிடித்துச் சொல்லும் கருவி அது, கையில் அடங்கிவிடும். அந்துப்பூச்சியின் தலையில் சீப்பு மாதிரி இரண்டு உணர்கொம்புகள் இருக்குமே, அதைப் பார்த்துக் காப்பியடித்தது. ஒரு சிறு குச்சியின் இரண்டு முனையிலும் இரண்டு சீப்புகள், அவற்றின் பற்கள் தலைமுடியைவிட மெல்லியவை. பற்களின் மேல் பூசியிருக்கும் பூச்சில் அம்மோனியா வந்து உட்கார்ந்தால் மின்சாரம் ஏறும். அதுதான் மூக்கு.

ஆய்வுக்கூடத்தில் நாங்கள் இரண்டே பேர். பூச்சிகளைப் பற்றிப் படித்தவள் ஒருத்தி. எல்லோரும் அவளைப் பூச்சி என்றே கூப்பிடுகிறோம், அவளும் அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்ப்பாள். கம்பியும் மின்சாரமும் என் பாடு. அவள் பொறுமைசாலி. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும்.

மூக்கு செய்கிறவளுக்கு வாய்த்த கணவருக்கோ மூக்கே கிடையாது. பழமும் மீனும் அடுக்கி வைக்கும் குளிர்பதனக் கிடங்கில் அவர் பராமரிப்பு மேஸ்திரி. அங்கே குளிரூட்டுவது அம்மோனியா. குழாய்க்குள் இருக்கிற வரைக்கும் பரம சாது, வெளியே வந்தால் எமன். அதன் நெடியிலேயே வருஷக்கணக்காக வேலை பார்த்து அவருக்கு அது உறைப்பதே இல்லை. சாயங்காலம் அவர் வாசலில் நுழையும்போதே எங்கள் மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடுவாள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நானும் கேலி பண்ணுவேன், அவரும் சிரிப்பார்.

கொஞ்ச நாளாக எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சட்டையில் அந்த நெடி நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே வந்தது. இருமல் வேறு.

"எங்கயோ கசியுதுங்க" என்றேன்.

"ஐஸ் கிடங்குல அந்த நாத்தம் இல்லாம மல்லிகைப்பூவா மணக்கும்? எல்லா வால்வையும் பாத்தாச்சு. ஒண்ணும் இல்ல."

"உங்க மூக்கை நம்பியா?"

"காகிதத்தை நம்பி" என்று சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். தண்ணீரில் நனைத்துப் பிடித்தால் அம்மோனியா பட்டதும் நிறம் மாறும் காகிதம். அந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரிடமும் அது இருக்கும். ஒவ்வொரு வால்வின் கழுத்திலும் பிடித்துப் பார்ப்பார்கள். கசிவென்றால் வால்வில்தான் என்பது அவர்கள் அனுபவம்.

ஞாயிற்றுக்கிழமை நானே கருவியோடு கிடங்குக்குப் போய்விட்டேன். மேனேஜர் மறுக்கவில்லை, செலவில்லாத பரிசோதனை யாருக்குத்தான் கசக்கும். அறை அறையாக நடந்தேன். உள்ளே நுழைந்ததும் சுள்ளென்று ஏறிய நெடி கொஞ்ச நேரத்தில் எனக்கும் தெரியாமல் போனது. குளிரில் மூக்கு மரத்துவிட்டது. ஆனால் கருவிக்கு மரக்காதே. திரையில் கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. முதல் அறை, இரண்டாவது, மூன்றாவது, எங்கும் அதே கோடு. அதில் எனக்கு ஒரு கர்வமும் இருந்தது. ஏனென்றால் மோட்டார்கள் ஓடும் இடத்தில் அவ்வளவு சுத்தமான கோடு வருவது லேசுப்பட்ட காரியம் இல்லை. மோட்டார் ஓட ஆரம்பிக்கும்போதெல்லாம் கம்பிகளில் மின்சாரம் துள்ளும், கோட்டில் முள் முள்ளாக நிற்கும். கண் இமைக்கும் நேரத்தில் ஏறி இறங்குகிற எதையும் குப்பை என்று தள்ளிவிட நான் ஒரு வடிகட்டி எழுதியிருந்தேன். மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதியது. அதைப் பற்றி யாராவது ஒரு நல்ல வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று அலைந்துகொண்டிருந்தேன்.

"கசிவு இல்ல சார்" என்று மேனேஜரிடம் சொன்னேன். அவருக்கு முகமெல்லாம் பல்.

திங்கட்கிழமை காலையில் சாப்பிட்டுக்கொண்டே என் கணவர் சொன்னார்: "மூணாவது ரூம் காலியா இருக்கு. இன்னைக்கு மத்தியானம் குழாய் மேல ஏறியிருக்கிற ஐஸை உடைக்கிறோம்."

"எப்பவும் பண்றதுதானே?"

"எப்பவும் குழாய்ல இருக்கிற வாயுவை முழுசா இழுத்துட்டு, அப்புறம் உடைப்போம். அதுக்கு ஒரு நாள் ஆகும். உன் மெஷின் சுத்தம்னு சொல்லிட்டதால, வாயு இருக்கட்டும், அப்படியே உடைங்கன்னு மேனேஜர் சொல்லிட்டாரு."

எனக்குப் பெருமையாக இருந்தது. நான் செய்த மூக்கை ஒரு கிடங்கே நம்புகிறது. இன்னொரு கரண்டி பரிமாறி அனுப்பி வைத்தேன்.

ஆய்வுக்கூடத்தில் பூச்சி என்னைக் கூப்பிட்டாள். அவளிடம் ஆள் நீளத்துக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. ஒரு முனையில் மின்விசிறி. அதன் முன்னால் பெண் அந்துப்பூச்சியின் வாசனை தடவிய ஒரு துண்டுக் காகிதம். மறுமுனையில் ஆண் பூச்சியை விடுவாள். அது எப்படிக் காகிதத்தைத் தேடி வருகிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. இன்னொரு பூச்சியின் உணர்கொம்பில் நூலிழைக் கம்பி பொருத்தி ஒரு சின்ன ஒலிபெருக்கியோடு இணைத்திருந்தாள். கொம்பில் வாசனை பட்டால் சத்தம் கேட்கும்.

"அக்கா, விசிறி கொஞ்சம் தடுமாறுது. பாத்துத் தாங்களேன்."

திருப்புளியோடு போனேன். விசிறியைச் சரிசெய்து ஓடவிட்டதும் ஒலிபெருக்கியிலிருந்து சத்தம் வந்தது. டிக். அமைதி. டிக் டிக் டிக். மறுபடி அமைதி. பிறகு ஒற்றை டிக்.

"கம்பி எங்கயோ லூசா இருக்கு" என்றேன். "கரகரன்னு வருது பாரு. என் வடிகட்டியைப் போட்டா சுத்தமாயிடும்."

பூச்சி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"லூசெல்லாம் இல்லக்கா. அதுதான் வாசனை."

"எது?"

"அந்த டிக் டிக்."

எனக்குப் புரியவில்லை. அவள் விளக்கை அணைத்து, பக்கவாட்டில் மெல்லிய ஒளிக்கற்றை ஒன்றைப் பாய்ச்சினாள். காகிதத்துக்கு அருகில் கொஞ்சம் புகையை விட்டாள். வாசனை போகும் வழியிலேயே புகையும் போகும், நம் கண்ணுக்கும் தெரியும்.

வாசனை என்றால் அது மேகம் மாதிரி பரவும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். விளக்கை நெருங்க நெருங்க வெளிச்சம் கூடுகிற மாதிரி, கிட்டே போகப் போக வாசனையும் சீராகக் கூடும் என்று. படித்தது அப்படி, கருவி செய்ததும் அப்படி. பெட்டிக்குள் நான் பார்த்தது வேறு. புகை நூல் நூலாகப் பிரிந்து வந்தது. இழைகள் சுருண்டன, அறுந்தன, ஒன்றை ஒன்று தாண்டின. இழைக்கும் இழைக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை, சுத்தமான காற்று. ஒவ்வொரு இழை கொம்பில் உரசும்போதும் ஒரு டிக். இழை கடந்ததும் அமைதி. வெறும் காற்று என்று நான் ஆயுசு முழுக்க நினைத்துக்கொண்டிருந்த இடத்தில் இத்தனை நெசவு நடக்கிறது.

பூச்சி ஆண் பூச்சியைத் திறந்துவிட்டாள். உடம்பு என் சுண்டுவிரல் நகத்தளவுகூட இருக்காது. இழை பட்டதும் அது காற்றை எதிர்த்து முன்னால் பாய்ந்தது. இழை அறுந்ததும் நின்று இடமும் வலமுமாக ஊசலாடித் தேடியது. அடுத்த இழை. பாய்ச்சல். மறுபடி ஊசல். இருட்டில், பார்க்காத ஒருத்தியை, அறுந்து அறுந்து வரும் நூலைப் பிடித்துக்கொண்டே போய்க் கண்டுபிடிக்கிறது. எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்பார்களே, அது இதற்குத்தான் பொருந்தும். கோயிலில்கூட நான் அப்படிக் கைகட்டி நின்றதில்லை.

அது காகிதத்தில் போய் உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. 

"பூச்சி, கண் இமைக்கிற நேரத்துல ஏறி இறங்கற எல்லாத்தையும் நான் தூக்கிப் போட்டுட்டேன்."

"எங்க?"

"நேத்து. கிடங்குல."

உமியைப் புடைக்கிறேன் என்று அரிசியைப் புடைத்துத் தள்ளிவிட்டு, முறம் சுத்தமாக இருக்கிறது என்று பெருமை பேசியிருக்கிறேன். நல்ல வேளை, வடிகட்டுவதற்கு முந்தைய பதிவையும் கருவி சேமித்து வைக்கும். அது பூச்சி அடம் பிடித்து வைக்கச் சொன்னது, இடத்தை அடைக்கிறது என்று நான் அவளிடம் சண்டை போட்டிருக்கிறேன். பதிவைத் திறந்தேன். முள்ளுக்காடு.

"இதெல்லாம் மோட்டாரா இருக்கலாமேக்கா" என்றாள் அவள், என்னைத் தேற்றுவதற்காக.

இருக்கலாம். எப்படிப் பிரிப்பது? பெட்டிக்குள் காகிதத்தின் மேல் இறக்கை அடித்துக்கொண்டிருந்த பூச்சியைப் பார்த்தேன். இரண்டு கொம்பு. ஏன் இரண்டு? காப்பியடித்தபோது நான் அதைக் கேட்கவே இல்லை, அதற்கு இருந்தது, இதற்கும் வைத்தேன். மோட்டார் துள்ளினால் இரண்டு சீப்பும் ஒரே கணத்தில் துள்ளும், ஏனென்றால் இரண்டும் ஒரே கம்பியில் தொங்குகின்றன. வாசனை இழையோ காற்றில் மிதந்து வருகிறது. முதலில் ஒரு சீப்பைத் தொடும், பிறகுதான் மற்றதை. சில நேரம் ஒன்றை மட்டும் தொட்டுவிட்டுப் போய்விடும்.

சேர்ந்து துள்ளியதை எல்லாம் நீக்கிவிட்டு மிச்சத்தைத் திரைக்குக் கொண்டு வந்தேன். முதல் அறையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக முட்கள். இரண்டாவதில் கொஞ்சம் அதிகம். மூன்றாவது அறையில் முள்மேல் முள்ளாக நின்றது.

கணவருக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. குளிர் அறையின் சுவர்கள் தகரம், உள்ளே போய்விட்டால் யாருடைய போனும் எடுக்காது. மேனேஜர் எடுத்தார். "மேடம், நேத்து நீங்கதானே இல்லன்னு சொன்னீங்க? இன்னைக்கு இருக்குன்னா நான் எதைக் கேக்கறது?" நியாயமான கேள்விதான். பதில் சொல்ல நேரமில்லை. பூச்சி ஆய்வுக்கூடத்து வேனை எடுத்தாள். அவள் பொறுமையெல்லாம் பூச்சிகளோடு சரி, வண்டி ஓட்டுவதில் இல்லை. வழி நெடுக நான் மடியில் கருவியை வைத்துக்கொண்டு வடிகட்டியைப் பிடுங்கி எறிந்தேன். சீப்புக்கு ஒரு விளக்கு எரிகிற மாதிரி செய்தேன். இடது சீப்பை இழை தொட்டால் இடது விளக்கு, வலது என்றால் வலது.

வாசலில் மேனேஜர் வழிமறித்தார்.

"நேத்து மெஷின் சரியாத்தான் சொல்லுச்சு சார். நான்தான் கேக்கல" என்றேன். அவர் யோசிப்பதற்குள் உள்ளே நுழைந்துவிட்டேன். பின்னாலேயே குளிர்ச்சட்டையோடு ஓடி வந்தாள் பூச்சி.

மூன்றாவது அறையில் என் கணவர் ஏணிமேல் நின்றுகொண்டிருந்தார். கையில் மரச் சுத்தியல். எதிரே பின்சுவர் முழுக்கக் குழாய்கள், அவற்றின் மேல் தலையணை தலையணையாக வெள்ளை ஐஸ். ஒரு ஓரம் ஏற்கனவே உடைந்து தரையில் கிடந்தது. கீழே இரண்டு ஆட்கள் அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"கீழ இறங்குங்க" என்றேன்.

"என்ன ஆச்சு? பாப்பாவுக்கு ஏதாவதா?"

"அவ நல்லா இருக்கா. நீங்க முதல்ல இறங்குங்க. இங்கதான் கசியுது."

ஆட்கள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவர் முகம் சிவந்துவிட்டது.

"வீட்டுல பேசிக்கலாம்மா. இங்க வேலை நடக்குது."

"வீட்டுக்கு நீங்க வரணும், அதுக்குத்தான் சொல்றேன். கொஞ்ச நேரம் குடுங்க. ஒண்ணும் இல்லன்னா இனிமே உங்க வேலைல நான் மூக்கை நுழைக்கவே மாட்டேன்."

அந்த வாக்குறுதி அவருக்கு லாபமாகத் தெரிந்திருக்க வேண்டும். இறங்கினார். ஆட்களை வெளியே அனுப்பினார். "விசிறி ஓடட்டும், காத்து வேணும்" என்றாள் பூச்சி.

கருவியைக் கையில் ஏந்தி அறையின் நடுவில் நின்றேன். இரண்டு விளக்கும் அணைந்திருந்தன. ஒன்றும் நடக்கவில்லை. இடது விளக்கு ஒரு தரம் சிமிட்டியது. இடதுபக்கம் ஓர் அடி வைத்தேன். இருட்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த ஆண் பூச்சி செய்தது ஞாபகத்துக்கு வந்தது. காற்றை எதிர்த்து நின்று, இடமும் வலமுமாக ஊசலாடினேன். வலது சிமிட்டியது. முன்னால் போனேன்.

"என்ன, குடிச்சிட்டு வந்தவ மாதிரி நடக்கிற?" என்றார் அவர்.

எனக்குச் சண்டை போடவே தோன்றவில்லை, அதுவே அவரைப் பயமுறுத்தியிருக்கும். சிமிட்டு, இருட்டு, சிமிட்டு சிமிட்டு. கண்ணுக்குத் தெரியாத இழைகள் என் கைகளுக்கு நடுவே ஓடுவது எனக்குத் தெரிந்தது. என்னால் முகர முடியவில்லை, பார்க்க முடியவில்லை, ஆனால் எது எந்தப் பக்கமாகப் போகிறது என்று எனக்குத் தெரிந்தது. மனுஷப் பிறவிக்கு எழுதி வைக்காத ஒரு புலனைக் கொஞ்ச நேரம் இரவல் வாங்கிய மாதிரி இருந்தது. பயத்துக்கு நடுவிலும் சொல்கிறேன், அப்படி ஓர் ஆச்சரியத்தை நான் அனுபவித்ததே இல்லை.

விளக்குகள் என்னை வால்வுகளின் பக்கம் கூட்டிப் போகவில்லை. அவற்றைத் தாண்டி, ஏணி நின்ற இடத்துக்கே கூட்டிப் போயின. ஏணியில் இரண்டு படி ஏறினேன். இரண்டு விளக்கும் தூறல் பிடித்த மாதிரி படபடத்தன. எதிரே குழாய் வளைந்து திரும்பும் இடம், அதன் மேல் இருந்ததிலேயே தடித்த ஐஸ்கட்டி.

அவர் சிரிப்பு நின்றிருந்தது. என்னை இறக்கிவிட்டு அவர் ஏறினார். மூக்கை ஐஸின் அருகில் கொண்டுபோனார், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பையிலிருந்து காகிதத்தை எடுத்து, நாக்கில் நனைத்து, ஐஸில் இருந்த ஒரு வெடிப்பின் முன் பிடித்தார்.

"வால்வுல மட்டும்தான் பாப்போம்" என்று முணுமுணுத்தார். "ஐஸ்ல யாரும் பாக்கறது..."

காகிதத்தின் நிறம் அவர் விரல்களுக்கு நடுவிலேயே மாறியது. அவர் கீழே வந்து என் தோளைப் பிடித்து வெளியே நடத்திக்கொண்டு போனார். கதவைச் சாத்தினார். மேனேஜரிடம், "வாயுவை இழுக்கச் சொல்லுங்க, முழுசா" என்றார். மேனேஜர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

வாயு முழுவதும் இழுத்து, அறையைக் காற்றாட விட்டு, ஐஸின் மேல் தண்ணீர் ஊற்றிக் கரைக்க மறுநாள் ஆகிவிட்டது. நானும் பூச்சியும் போயிருந்தோம். கரையக் கரையக் குழாயின் வளைவு வெளியே வந்தது. பார்த்தால் ஒன்றும் பயங்கரமாக இல்லை. கொஞ்சம் துரு, பழைய பெயிண்ட் கொப்புளம் விட்டிருந்தது, அவ்வளவுதான். மேனேஜர்கூட, "இதுதானா?" என்று இழுத்தார்.

என் கணவர் ஏணியில் ஏறினார். துருவின் மேல் கட்டைவிரலை வைத்தார். தட்டவில்லை, குத்தவில்லை, சும்மா அழுத்தினார். அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்டது. விரல் உள்ளே போய்விட்டது.

அவர் விரலை எடுக்காமல் அப்படியே நின்றார். நேற்று அவர் முகம் அந்த இடத்துக்கு ஒரு முழத் தூரத்தில்தான் இருந்தது. கையில் சுத்தியல் இருந்தது.

"அடுத்த அடி இங்கதான் போட்டிருப்பேன்" என்றார் யாரிடமோ.

எனக்குத் திட்ட வேண்டும் போல இருந்தது, அவரையும் மேனேஜரையும் என்னையும். வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. ஏணியில் ஏறி, அவர் கையைப் பிடித்து, அந்த விரலை மெதுவாக வெளியே எடுத்தேன். இறங்கிய பிறகும் கையை விடவில்லை.